புருவத்துத் தழும்பில் தொடங்கிய ரைஃபிள் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதக் கத்திரி வெயிலில் அண்ணா சென்னை வந்து இறங்கினார். பெரியம்மா மகன், வயது 54. இருபது வருஷமாக அலாஸ்காவில், ஆங்கரேஜ் நகரத்தில் குடியிருக்கிறார். வலது புருவத்துக்கு மேலே பிறைநிலா மாதிரி ஒரு தழும்பு, மூன்று தையல் போட்ட அடையாளத்தோடு. கார் கதவு இடித்துவிட்டது என்று பெரியம்மாவிடம் சொல்லியிருந்தார். பெரியம்மா நம்பிவிட்டார். என்னிடம் அந்தக் கதை எடுபடவில்லை. லஸ் பக்கம் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன், வாரக் கடைசியில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறேன். அப்படியொரு வளைவு எந்தக் கார் கதவிலும் கிடையாது. ரைஃபிளின் மேல் பொருத்தும் ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக் குழாய், அதன் பின்விளிம்பு வைத்த முத்திரை அது.

"எந்தத் துப்பாக்கிண்ணா?" என்றேன்.

"அம்மா காதுல விழப்போகுது. மாடிக்கு வாடா."

மாடியில் காயப்போட்ட வடாமுக்கு நடுவே நின்று சொன்னார். பல வருஷமாக சால்மன் மீன் பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டவரை, கூட வேலை பார்க்கும் நண்பர் செப்டம்பரில் மூஸ் வேட்டைக்கு வரச்சொல்லியிருக்கிறார். மூஸ் என்பது மான் இனத்திலேயே பெரியது. பெரிய கடா 700 கிலோவைக்கூடத் தாண்டும். அது மேய்கிற அதே ஓடைக்கரையில் பழுப்புக் கரடியும் சுற்றும். அலாஸ்காவில் பழுப்புக் கரடி மட்டும் ஏறக்குறைய 30,000, கருங்கரடி ஒரு லட்சம். இதை மனசில் வைத்துக்கொண்டு துப்பாக்கிக் கடைக்குப் போயிருக்கிறார். "கரடி ஊருக்கு இதுக்குக் கீழே எதையும் தொடாதீங்க" என்று கடைக்காரர் ஒருவர் பெரிய தோட்டா போடும் .338 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளை எடுத்துக் கொடுத்து, அதன் தலையில் 4-16x50 ஸ்கோப் (4 முதல் 16 மடங்கு உருப்பெருக்கம், 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) ஒன்றையும் ஏற்றிவிட்டார். சுடுதளத்தில் நாலாவது தோட்டாவில் துப்பாக்கி பின்னால் உதைக்க, ஸ்கோப் புருவத்தைக் கடித்தது. அதற்கப்புறம் 100 கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள்கூட அவரால் குண்டுகளைச் சேர்த்து வைக்க முடியவில்லை.

"கரடியை நிறுத்தற மாதிரி எந்த ரைஃபிள், எந்த சைட் வாங்கறது, நீயே சொல்லு" என்றார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த மிருகத்தையும் சுட்டதில்லை. சுடவும் முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் வந்து நிற்கும் நம் ஊர்க் கரடி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அலாஸ்காவில் சட்டம் வேறு, வாழ்க்கையும் வேறு. வேட்டை சரியா தவறா என்று அண்ணாவும் நானும் விடிய விடியப் பேசியிருக்கிறோம், அது இங்கே வேண்டாம். எனக்குத் தெரிந்தது கண்ணும், குறிபார்க்க உதவும் சைட்டும். அவர் கேட்டதில் பாதிக்கு மேல் அதற்குள்தான் அடங்கியிருந்தது.

தழும்பு சொன்னது

ஸ்கோப் கடித்தால் ஆளைக் குறை சொல்வது வழக்கம். "சரியா பிடிக்கத் தெரியலை" என்பார்கள். நான் டெய்லர் டேப்பை எடுத்தேன். முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து சுட்டுவிரலின் முதல் கணு வரை அளந்தேன். பன்னிரண்டே முக்கால் அங்குலம். ரைஃபிள் கட்டையில் குதிரையிலிருந்து (சுட விரலால் இழுக்கும் விசை) பின் முனை வரை உள்ள நீளம் பெரும்பாலும் பதிமூன்றே முக்கால் அங்குலத்தை ஒட்டி இருக்கும், ஆறடிக்கு நெருங்கிய ஆளை வைத்துச் செய்வது. அண்ணா ஐந்தடி ஐந்து. தோளில் கட்டையை வைத்துக்கொண்டு குதிரையை எட்டுவதற்கு அவர் கழுத்தை ஆமை மாதிரி முன்னால் நீட்ட வேண்டியிருந்தது. கழுத்து நீண்டால் கண் ஸ்கோப்புக்குப் பக்கத்தில் போய்விடும். குளிர்காலக் கோட்டைப் போட்டால் இன்னும் ஒரு அங்குலம் மோசம்.

இரண்டாவது காரணம் அந்த ஸ்கோப்பேதான். உருப்பெருக்கத்தை 16-க்குத் திருப்பினால் முழுக் காட்சியும் தெரிய, கண் இன்னும் கிட்டே போயாக வேண்டும். 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி பேரலில் முட்டாமல் இருக்க அதை உயர்த்திப் பொருத்தியிருந்தார்கள். அவ்வளவு உயரத்தில் பார்க்கக் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டும். கன்னத்துக்குப் பிடிமானம் இல்லை, கழுத்து நீண்டிருக்கிறது, .30-06 என்ற வழக்கமான வேட்டைத் தோட்டாவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் உதைக்கிற தோட்டா. மூன்று தையலோடு விட்டது அதிர்ஷ்டம்.

உதைக்குப் பயந்த உடம்பு அதை மறக்காது. அடுத்த முறை குதிரையை இழுக்கும்போது, வெடிப்பதற்கு முன்பே தோள் முன்னால் தள்ளும், கண் மூடும். அண்ணாவுக்கு அந்தப் பழக்கம் நன்றாக ஊறியிருந்தது. மாடியிலேயே சோதித்துப் பார்த்தேன். துடைப்பக் கட்டையைத் தோளில் வைத்து, நான் எண்ணிக்கொண்டே வந்து "டப்" என்று கைதட்டினேன். தட்டுவதற்கு முன்பே அவர் கண்ணை மூடிவிட்டார். துடைப்பக் கட்டைக்கே!

தோட்டாவைப் பற்றிக் கொஞ்சம்

எண்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கடைப்பேச்சு எல்லாம் எண்ணில்தான் நடக்கிறது. .30-06 என்பது 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா. 180 கிரெய்ன், அதாவது பதினோரு கிராமுக்கு மேல் எடையுள்ள குண்டை நொடிக்கு 2,700 அடி வேகத்தில் தள்ளும். .375 ஹெச் அண்ட் ஹெச் 1912-இல் வந்தது. 300 கிரெய்ன் குண்டு, ஆப்பிரிக்கப் பெருவேட்டைக்குப் பெயர் போனது. .338 வின்செஸ்டர் மேக்னம் 1958. கரடியை மட்டும் மனசில் வைத்தால் பெரிய தோட்டாவே மேல். அமெரிக்க வனத்துறை 1983-இல் வெளியிட்ட ஆய்வில், கரடி பாய்ந்து வரும் தூரம் என்று 15 கெஜத்தை வைத்துப் பல தோட்டாக்களைச் சோதித்தார்கள். கனமான குண்டு போடும் .458, .375 போன்றவைதான் பட்டியலின் மேலே வந்தன.

இதை வைத்து .375 வாங்கிவிடலாமே? உதை .30-06 போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. துடைப்பக் கட்டைக்குக் கண் மூடுகிறவர் கையில் அதைக் கொடுப்பது வைத்தியம் ஆகாது. அலாஸ்காவின் மீன், வேட்டை விலங்குத் துறையே இதைத் தெளிவாகச் சொல்கிறது. அங்குள்ள வேட்டை வழிகாட்டிகளின் பெரிய புகார்கள் இரண்டு: வருகிறவர்களுக்கு உடம்பில் தெம்பு இல்லை, தங்கள் ரைஃபிளைக் குறி தவறாமல் சுடவும் தெரியவில்லை. பளபளக்கும் புது மேக்னத்தைவிட, நன்றாகச் சுடப் பழகிய .270-ஐயோ .30-06-ஐயோ கொண்டுவந்தால் போதும் என்பது அனுபவசாலி வழிகாட்டிகளின் விருப்பம். அவர் போவது மூஸுக்கு. கரடி அங்கே அழையாத விருந்தாளி. ஆகவே .30-06, உள்ளே 200 கிரெய்ன் குண்டு.

குண்டின் கட்டுமானம் தோட்டாவின் பெயரைவிட முக்கியம் என்பதற்கு ஒரு மூஸ் கதையே உண்டு. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் என்பவர் சேறு அப்பிய ஒரு மூஸைச் சுட்டார். தோலைத் தாண்டுவதற்குள் குண்டு சிதறிப்போனதால் மிருகம் விழவில்லை. அந்த எரிச்சலில் ஈயத்தின் நடுவே செம்புத் தடுப்புச்சுவர் வைத்த குண்டை அவர் உருவாக்கினார், 1948-இல் விற்பனைக்கும் கொண்டுவந்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். நோஸ்லர் பார்ட்டிஷன் என்று இன்றும் கிடைக்கிறது. அண்ணா எடுத்தது அதைத்தான்.

ரைஃபிள் விஷயம் சுலபமாக முடிந்தது. .338-ஐ விற்றுவிட்டு, துருப்பிடிக்காத எஃகு பேரலும் செயற்கை நாரிழைக் கட்டையும் உள்ள போல்ட் ஆக்ஷன் (கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) ஒன்று. பெசன்ட் நகரில் கடலைப் பார்த்த பால்கனிக் கம்பி என்ன ஆகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டாம், செப்டம்பர் அலாஸ்கா முழுக்க அந்த பால்கனிதான். போல்ட்டில் மாசர் வகைக் கொக்கி, அதாவது தோட்டா மேகசினிலிருந்து கிளம்பியதுமே அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் அமைப்பு. பதற்றத்தில் போல்ட்டை அரைகுறையாக இழுத்தாலும் இரண்டு தோட்டா ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்காது. கட்டையில் ஒரு அங்குலத்தைக் குறைத்தார்கள். அவ்வளவுதான்.

கண்ணில்தான் எல்லாம்

சைட் விஷயத்தில் அண்ணா ஏற்கெனவே ஒரு முடிவோடு வந்திருந்தார். கடி வாங்கிய கோபத்தில், "ஸ்கோப்பே வேண்டாம்டா, பழைய மாதிரி இரும்பு சைட் போதும். கிட்ட வர்ற கரடிக்கு அதுதான்" என்றார். ஒரு நாள் சாயங்காலம் கடையை மூடியபின் அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணைப் பரிசோதித்தேன். தூரப்பார்வைக்கு மைனஸ் ஒன்று, சிலிண்டர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்கான பவர்) ஒன்றேகால், படிப்பதற்குப் பிளஸ் இரண்டு. போட்டிருந்தது ப்ரொக்ரஸிவ் கண்ணாடி, மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறுவது.

திறந்த இரும்பு சைட்டில் மூன்று பொருள்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். கண்ணிலிருந்து ஒரு முழத்தில் பின் சைட்டின் பள்ளம், ஏறக்குறைய 90 சென்டிமீட்டரில் முன் சைட்டின் முனை, எங்கோ தூரத்தில் மிருகம். இருபது வயதுக் கண் இவற்றுக்கிடையே தாவித் தாவிப் பார்த்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டியதும் லென்ஸ் இறுகிப்போகிறது, அந்தத் தாவல் போய்விடுகிறது. 54 வயதில் முன் சைட் ஒரு சாம்பல் புகை. இதில் ப்ரொக்ரஸிவ் கண்ணாடி வேறு. அதில் கிட்டப் பார்வைக்கான பகுதி கீழே இருக்கிறது. ரைஃபிள் கட்டையில் தலையைச் சாய்த்தால் கண் பார்ப்பது கண்ணாடியின் மேல் மூலை வழியாக, மூக்கு ஓரமாக. அங்கே தூரத்துக்கான பவர்தான் உண்டு, ஓரத்து வளைவுக் கோளாறும் சேர்ந்துகொள்ளும். "கண்ணாடி போட்டும் தெரியலை" என்று என் கடைக்கு வருகிற கேரம் ஆட்டக்காரர்களிடமும் தையல்காரர்களிடமும் கேட்கும் அதே புலம்பல்தான். தலையை எந்தக் கோணத்தில் வைத்து வேலை செய்கிறார்கள் என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

அடுத்து ரெட் டாட். எல்லாரும் இப்போது அதைத்தான் சொல்கிறார்கள்: கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், புள்ளியை மிருகத்தின் மேல் வை, சுடு. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளலாம், கண்ணை ஒரே இடத்தில் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நல்ல கருவிதான். ஆனால் கிளப்பில் ஒரு நண்பரின் ஏர் பிஸ்டல் மேல் இருந்த ரெட் டாட்டை அண்ணாவிடம் காட்டினேன். "புள்ளியா? வால் முளைச்ச கமா மாதிரி இருக்கு" என்றார். சிலிண்டர் பவர் உள்ள கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அதே புள்ளியை போன் கேமராவில் பிடித்துக் காட்டினேன், உருண்டையாக இருந்தது. கோளாறு கருவியில் இல்லை. கண்ணாடி போட்டால் கமா கொஞ்சம் சுருங்கியது. மழையில் கண்ணாடி நனைந்தால் என்ன ஆகும், குளிரில் பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று யோசித்து அதைத் தள்ளிவிட்டோம்.

மிஞ்சியது இரண்டு. ஒன்று சிறிய உருப்பெருக்கம் உள்ள ஸ்கோப். ஸ்கோப்புக்குள் குறுக்குக்கோடும் மிருகமும் ஒரே தளத்தில் தெரிகின்றன, வயதான கண்ணுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. பின்முனை வளையத்தைத் திருப்பி, வெறும் வானத்தைப் பார்த்துக் கோட்டைத் தெளிவாக்கிக்கொண்டால் போதும். 2-7x33 அளவைத் தேர்ந்தெடுத்தோம். 2-இல் வைத்தால் 100 கெஜத்தில் 40 அடிக்கு மேல் அகலம் தெரியும். அவருடைய பழைய ஸ்கோப்பின் ஆகக் குறைந்த அளவே 4. ஐந்து மீட்டரில் நிற்கும் கரடியை அதில் பார்த்தால் அரை மீட்டர் வட்டம்கூடத் தெரியாது, வெறும் ரோமம்தான். தலையா பிட்டமா என்று சொல்ல முடியாது. அப்புறம் மங்கல் வெளிச்சக் கணக்கு. முன்கண்ணாடியின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் விட்டம் கிடைக்கும். 50 வகுத்தல் 16, மூன்று மில்லிமீட்டர்தான். 33 வகுத்தல் 4, எட்டு மில்லிமீட்டர். இருட்டில் அவர் வயதுக் கண்பாவை ஐந்தாறு மில்லிமீட்டர் விரியும், அதைவிடத் தாராளம். பெரிய முன்கண்ணாடி என்றால் வெளிச்சம் அதிகம் என்று கடையில் சொன்னது பாதி உண்மை, எந்த உருப்பெருக்கத்தில் என்பதை விட்டுவிட்டார்கள்.

நடக்கும்போதெல்லாம் வளையம் 2-இலேயே இருக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். தூரத்து மூஸுக்காகக் கூட்ட நேரம் இருக்கும், கிட்டே வந்த கரடிக்காகக் குறைக்க இருக்காது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவரும் கரடி 30 மீட்டரை இரண்டே வினாடியில் கடந்துவிடும். இதைப் புரியவைக்க ஈ.சி.ஆர். ஓரத்தில் அவரை நிற்கவைத்து, முப்பது தப்படி எடுத்துவைத்து ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு, அதைத் தாண்டி வரும் ஸ்கூட்டர்களை எண்ணச் சொன்னேன். நாலைந்து ஸ்கூட்டருக்கப்புறம் முகம் மாறியது. வெயில் காரணமாகவும் இருக்கலாம்.

மற்றொன்று துளை சைட், என் சொந்த ஊர். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் நாங்கள் சுடும் பத்தாம் எண் அரை மில்லிமீட்டர் புள்ளி, அதைத் துளை சைட்டில்தான் அடிக்கிறோம். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை, கண் தானாகவே அதன் மையத்தைத் தேடிக்கொள்ளும், முன் சைட்டை மட்டும் பார்த்தால் போதும். ஓட்டை சிறியதாக இருந்தால் கேமராவின் துளையைச் சுருக்கியது போல எல்லாத் தூரமும் கூர்மையாகும். ஸ்கோப் உடைந்தாலோ ஆவி படிந்து மங்கினாலோ, அதைப் பிடித்திருக்கும் நெம்புகோலைத் திருப்பிக் கழற்றிவிட்டு இதைப் பயன்படுத்தலாம். கூடவே அவருக்கு ஒரு தனிக் கண்ணாடி செய்து கொடுத்தேன்: தூரத்துப் பவரோடு பிளஸ் அரை, ஒரே பவர், கண் பார்க்கும் மேல் மூலைக்கு மையத்தை நகர்த்தியது. என் கடையிலேயே விலை குறைந்த பொருள் அது. இந்த வழக்கு முழுவதிலும் அதிக பலன் கொடுத்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

சென்னையில் ஆறு வாரம்

கிளப்பின் பத்து மீட்டர் அரங்கில் தினமும் காலையில் அறுபது குண்டு. என் போட்டித் துப்பாக்கியின் குதிரை நூறு கிராமுக்கே விடும், வேட்டை ரைஃபிளுக்கு அது உதவாது. பிள்ளைகள் பழகும் கனமான குதிரை உள்ள பழைய துப்பாக்கியைக் கொடுத்தேன். உதை இல்லாத துப்பாக்கியில் சுட்டுச் சுட்டுத்தான் உதைப் பயம் போகும். ஏர் ரைஃபிள் குண்டு நொடிக்கு 170 மீட்டர்தான் போகிறது, பேரலை விட்டு வெளியேற நேரம் எடுக்கும், சுட்ட பின்னும் அசையாமல் நிற்கவில்லை என்றால் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வகையில் அது கண்டிப்பான வாத்தியார். நாலாவது வாரத்தில் கண் மூடுவது நின்றது. ஐந்தாவது வாரத்தில் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு சுடச் சொன்னேன். ஜூன் மாதச் சென்னையில் கம்பளிக் கையுறையோடு ஒருவரைப் பார்த்த கிளப் காவலாளி என்னைத் தனியாக அழைத்து, "சாருக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தார்.

ஊர் திரும்பியதும் உண்மையான ரைஃபிளில், நண்பர் அவருக்குத் தெரியாமல் வெடிக்காத போலித் தோட்டாவைக் கலந்து போட்டுக் கொடுத்துச் சோதித்தார். வெடிக்காத தோட்டாவில் முனை ஆடாமல் நிற்கிறது என்று சொன்னபோதுதான் எனக்கு நிம்மதி. 200 கெஜத்துக்குச் சரிசெய்துகொண்டார். அந்தக் கணக்கில் 100 கெஜத்தில் குண்டு ஏறக்குறைய இரண்டு அங்குலம் மேலே படும், அதற்குள் எந்தத் தூரத்திலும் கணக்குப் போடாமல் சுடலாம். உட்கார்ந்த நிலையில், 100 கெஜத்தில் ஒரு தோசைத் திருப்பி அகலத்துக்குள் பத்துக்கு ஒன்பது.

இங்கே என் தவறு ஒன்று. போட்டிப் பழக்கத்தில், துளை சைட்டுக்கு ஆகச் சிறிய ஓட்டை உள்ள வட்டைத்தான் வாங்க வேண்டும் என்று அடம் பிடித்தேன். கிளப்பில் குழல்விளக்கு வெளிச்சத்தில் சுடுபவனுக்கு அதுதான் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் அண்ணா சாயங்கால மங்கலில் ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே நின்று சும்மா பார்த்திருக்கிறார். ஓட்டைக்குள் ஒன்றுமே தெரியவில்லை, கரும்புள்ளி. அங்குள்ள வயதான வேட்டைக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே அந்த வட்டைத் திருகிக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார். மிஞ்சியது வெறும் வளையம். அதன் வழியே பார்த்தால் வளையம் மங்கி மறைந்துவிடும், முன் சைட் மட்டும் தெரியும். கிட்டத்தில் கரடிக்கு அதுவே போதும். கூர்மை குறைகிறது, வெளிச்சம் கிடைக்கிறது. கண்ணாடிக்கடைக்காரனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

செப்டம்பர்

மிதவை விமானத்தில் ஓர் ஏரியில் இறங்கினார்கள். விமானத்தில் பறந்த அன்றே வேட்டையாடக் கூடாது, மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகுதான். கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பானைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள். சிறு விமானத்திலும் விமானி அதை அறைக்குள் வைக்காமல் மிதவைக்குள் போட்டுப் பூட்டினாராம், உள்ளே வெடித்தால் எல்லாரும் குருடு என்று.

இரண்டாம் நாள் ஒரு கடா வந்தது. அந்தப் பகுதியில் கொம்பின் அகலம் 50 அங்குலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நெற்றிப்பக்கக் கிளைகள் ஒரு பக்கமாவது குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இதை எண்ணுவது ஸ்கோப்பில் அல்ல, பைனாகுலரில். ஸ்கோப்பில் தேடினால் துப்பாக்கி முனையும் கூடவே தேடும், புதருக்குப் பின்னால் இருப்பது மனிதனாகவும் இருக்கலாம். மழையில் கிளையை எண்ண முடியவில்லை, விட்டுவிட்டார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் வேறொரு கடா, சந்தேகமே இல்லாத கொம்பு, எண்பது மீட்டர். ஸ்கோப் 2-இலேயே இருந்தது, மாற்றவில்லை. இரண்டு குண்டு. அறுபதடி நடந்து விழுந்தது.

ரைஃபிளும் சைட்டும் தங்கள் வேலையைச் செய்து முடித்தன. கரடி வந்தது அதற்கப்புறம்.

மூஸைச் சுட்டால் உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் எடுத்துவர வேண்டும் என்பது சட்டம். பெரிய கடாவில் அது இருநூறு கிலோவைத் தாண்டும். அண்ணா முழங்கை வரை ரத்தத்தோடு தொடையை அறுத்துக்கொண்டிருக்கிறார், நண்பர் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு மேட்டுக்குப் போயிருக்கிறார். ஓடையின் அக்கரையில், நாற்பது மீட்டரில், பழுப்புக் கரடி ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று மோப்பம் பிடித்தது. ரைஃபிள் ஐந்தடி தள்ளி ஒரு ஆல்டர் புதரில் சாய்ந்திருந்தது, ஸ்கோப்பின் மேல் மழை உறையோடு.

"எவ்வளவு பேசினோம்டா, ஓட்டை சின்னதா பெருசான்னு! கையில கத்திதான் இருந்துச்சு" என்றார் போனில்.

மார்பில் கட்டியிருந்தது மிளகுத் தெளிப்பான். அதை எடுத்துப் பாதுகாப்புப் பூட்டை நீக்கிக் கையில் வைத்துக்கொண்டு, உரத்த குரலில் பேசியபடி பின்வாங்கினார். தமிழில்தான் பேசினாராம். என்ன பேசினார் என்று கேட்டேன், சொல்லவில்லை. எழுந்து நிற்கும் கரடி பெரும்பாலும் என்ன ஏது என்று பார்க்கத்தான் நிற்கிறது. நண்பர் ரைஃபிளோடு திரும்பி வந்து பக்கத்தில் நின்றார். கரடி நாலு காலில் இறங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வில்லோ புதருக்குள் போய்விட்டது. யாரும் எதையும் சுடவில்லை, தெளிக்கவும் இல்லை.

அலாஸ்காக் கரடிகளைப் பற்றிய இரண்டு ஆய்வுகளை நான் அவரிடம் மே மாதமே சொல்லியிருந்தேன், அப்போது காதில் விழவில்லை. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலானோர் 2008-இல் வெளியிட்டதில், தெளிப்பான் பயன்படுத்திய 83 சம்பவங்களில் பழுப்புக் கரடியின் தொந்தரவை நிறுத்தியது 92 சதவீதம், தெளிப்பான் வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமின்றித் தப்பினார்கள். 2012-இல் துப்பாக்கி பற்றி 269 சம்பவங்களை எடுத்துப் பார்த்தார்கள். நீளத் துப்பாக்கி 76 சதவீதம், கைத்துப்பாக்கி 84 சதவீதம் கரடியை நிறுத்தியது, ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயம் படுவதில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு ஆய்வுகளின் சம்பவங்களும் ஒரே மாதிரி அல்ல என்பதால் இதை வைத்து ரைஃபிள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எதிர்க்காற்றில் தெளிப்பான் நம் முகத்திலேயே திரும்பும், ஏழெட்டு மீட்டர், மிஞ்சினால் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான் போகும். ஆனால் அது உடம்போடு இருக்கிறது.

சுட்டிருந்தாலும் கதை முடிந்திருக்காது. அங்கே தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றால் நகத்தோடு தோலையும் மண்டையோட்டையும் எடுத்து அரசிடம் ஒப்படைத்து, பதினைந்து நாளுக்குள் எழுதியும் கொடுக்க வேண்டும். உயிர்பிழைக்க அதுவே கதி என்றால் ஒழிய, வேட்டை இறைச்சியைக் காப்பாற்றவென்று கரடியைச் சுடவும் கூடாது. அன்றிரவே மிச்ச இறைச்சியைக் குடலும் எலும்பும் கிடந்த இடத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கும்படி ஒரு மரத்தில் உயரத் தூக்கிக் கட்டினார்கள். காலையில் பைனாகுலரில் பார்த்தால், கரடி குடல் குவியலின் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்ததாம். மரத்தில் இருந்ததைத் தொடவில்லை.

இந்த வருஷத்துக்கு மூன்று மாற்றம் செய்திருக்கிறார். அறுக்கும்போது ஒருவர் அறுக்க, மற்றவர் ரைஃபிளோடு காற்று போகும் திசையைப் பார்த்து நிற்பது, மூட்டையை இருவரும் சேர்ந்தே சுமப்பது. தனியாக நின்றால் வார் போட்டு ரைஃபிளை முதுகிலேயே வைத்துக்கொள்வது. ஸ்கோப் உறையாக, இழுத்தால் பறந்துவிடும் பழைய சைக்கிள் டியூப் பட்டை, அது என் யோசனை, ராயப்பேட்டைப் பங்சர் கடையில் வாங்கி அனுப்பினேன். திருகிக் கழற்றிய அந்தச் சின்னத் துளை வட்டை எனக்கே திருப்பி அனுப்பிவிட்டார். என் ஏர் ரைஃபிளுக்கு அந்தத் திருகு பொருந்தவில்லை.

பெரியம்மா மட்டும் போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறார், அந்தக் காரை விற்றுவிட்டாயா இல்லையா என்று.